வாரிசுதாரர்களின் கவனத்திற்கு

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்கப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வரை பஸ். அங்கிருந்து தோட்டத்து முச்சந்திக்கு வாடகைக் கார். பிறகு எண்ணெய் எடுக்கிற செம்பனைகளுக்கு நடுவே செம்மண் சாலையில் நடக்க வேண்டும். அப்பா புல்வெட்டுகிற கத்தியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அம்மா தம்பிக்காகப் பிளாஸ்க்கில் மைலோ கலக்கி எடுத்து வருவார். சூடம், ஊதுபத்தி, பிஸ்கட், கொஞ்சம் பூ எல்லாம் என்னுடைய பையில்.

தம்பி நாலு வயதில் போய்விட்டான். காய்ச்சல் இழுப்பாக மாறி, தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே அம்மாவின் மடியில் அடங்கிவிட்டான். எனக்கு அப்போது பதினொரு வயது. லோரி திரும்பி வந்தபோது நான் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் வருகிறார்களே, காய்ச்சல் விட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

அவனைப் புதைத்த இடத்தைத் தோட்டத்தில் எல்லாரும் சுடுகாடு என்றுதான் சொல்வோம். ஆனால் அங்கே யாரையும் சுட்டதில்லை. பெரிய வாய்க்காலை ஒட்டிய ஒரு துண்டு மேட்டு நிலம் அது. தோட்டம் ரப்பராக இருந்த காலத்திலேயே துரைமார் அதற்கென்று விட்டிருந்தார்கள். முன்னால் போனவர்கள் மேட்டில் இருந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு வாய்க்கால் பக்கம்தான் இடம் கிடைத்தது. மழை நாளில் அங்கே குழி வெட்டினால் தண்ணீர் ஊறும். தம்பியின் குழியிலும் ஊறியது. அப்பாவும் இன்னொருவரும் வாளியால் இறைத்துவிட்டுத்தான் அவனை இறக்கினார்கள்.

பிறகு அப்பா சிமெண்டு குழைத்துச் சின்னதாக ஒரு கல் வார்த்தார். காய்வதற்குள் ஆணியால் தம்பியின் பெயரை அதில் எழுதினார். தமிழில்தான். அப்பாவுக்கு வேறு எழுத்துத் தெரியாது.

ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு பால் வெட்டுகிறவர்களுக்கு வேலை குறைந்தது. குலை வெட்டுவதற்குக் குத்தகைக்காரர் வெளியாட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு காலையில் ஆட்களை எண்ணிப் பெரட்டு எடுக்கும்போது அப்பாவுக்கும் வேலை வாங்குகிற மண்டோருக்கும் வாய்த்தகராறாகிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. என் தாய்மாமா ரவாங்கில் இருந்தார். அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடி வந்தோம். அப்பா ஒரு பலகைக் கிடங்கில் ஜாகா என்கிற காவல் வேலைக்குப் போனார். நான் பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவத்தை முடித்துவிட்டுச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தோட்டத்தில் எங்களுக்கென்று மிச்சமிருந்தது தம்பி மட்டும்தான்.

அந்த வருடம் முச்சந்தியில் காரை விட்டு இறங்கியபோதே அப்பா நின்று பார்த்தார். சாலை அகலமாகியிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சற்று தூரம் நடந்ததும் மரமே இல்லை. வெறும் சிவப்பு மண், அதன் மேல் புல்டோசரின் தடம். வாய்க்கால் இருந்த இடத்தில் சிமெண்டுக் குழாய்களைப் புதைத்திருந்தார்கள்.

"ஏங்க, வழி தப்பிட்டமா?" என்று அம்மா கேட்டார்.

 அப்பா தூரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையும் கோயில் அரச மரத்தையும் மாறி மாறிப் பார்த்து, தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொண்டிருந்தார். வழி தப்பவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அம்மா மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மேடு வரும் என்று நடந்துகொண்டே இருந்தார்.

மண் கொட்டிவிட்டுத் திரும்பிய ஒரு லோரி எங்கள் அருகே வந்து நின்றது. ஓட்டியவர் தமிழர்.

"யாரத் தேடுறீங்க?"

"இங்க சுடுகாடு இருந்துச்சே தம்பி" என்றார் அப்பா.

"அதெல்லாம் எடுத்தாச்சுலா அண்ணே. இது பெரிய ரோட்டு வேல. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

அம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்க்கை மட்டும் சாயாமல் மடியில் வைத்திருந்தார்.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா இன்னும் அங்கேதான் இருந்தார். அம்மாவுக்கு அந்தக் காலத்துச் சிநேகிதி. தம்பி பிறந்தபோது அம்மாவின் கூடவே இருந்தவரும் அவர்தான். எங்களைக் கண்டதும் அவர் வாசலுக்கு ஓடிவந்தார். ஆனால் கிட்டே வந்ததும் கட்டிப்பிடிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"வருவீங்கன்னு தெரியும்டி. இன்னிக்கு வருவீங்கன்னு காலையிலேருந்து எனக்கு அடுப்புல வேலையே ஓடல."

"எம்புள்ள எங்கக்கா?" என்று அம்மா கேட்டார்.

அக்கா நடந்ததைச் சொன்னார். ஒருநாள் பெரட்டில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி, சுடுகாட்டை எடுக்கப் போகிறார்கள், சொந்தக்காரர்கள் இருந்தால் ஆபீசில் வந்து பெயர் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸ் பலகையில் மலாய்மொழியில் ஒரு தாளும் ஒட்டியிருந்தார்கள். அக்கா தன் வீட்டுக்காரருக்காகப் பெயர் கொடுத்தார். லயத்தில் மிச்சமிருந்த நாலைந்து குடும்பங்களும் கொடுத்தன.

"பக்கத்து வீட்டுப் புள்ள ஒன்னு அங்க இருக்கு, அவங்க ரவாங்குல இருக்காங்கன்னு சொன்னேன்டி. நீ என்ன சொந்தம்னு கிராணி கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? பொறந்த சூரா இருக்கா, செத்த சூரா இருக்கான்னு கேட்டான். உன் அட்ரஸ் எனக்கு எங்கடி தெரியும்? ரவாங் பஸ்சு கண்டெக்டருகிட்ட சொல்லிவிட்டேன். பால் வெட்டுன ஆளு, ஒசரமா இருப்பாரு, ஒரே பொம்பளப்புள்ள, பாத்தா சொல்லுப்பான்னு சொன்னேன். அவன் சரிக்கான்னான்."

பிறப்புப் பத்திரத்தையும் இறப்புப் பத்திரத்தையும்தான் அவர் சூரா என்றார். அந்தக் கண்டக்டர் யாரிடம் சொன்னாரோ, யாரைத் தேடினாரோ தெரியாது. எங்களிடம் வரவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அந்தக் காரியத்தில் எங்களைத் தேட முயற்சி செய்தது அக்கா மட்டும்தான். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்த பஸ்.

தீபாவளி முடிந்ததும் நான் தொழிற்சாலையில் லீவு கேட்டு வாங்கினேன். மூன்று பேரும் அந்தப் பகுதியின் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அது எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

முகப்பில் உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயது மலாய்க்காரர். அப்பாவைப் பெரியவர் என்று மரியாதையாக அழைத்தார். அம்மாவுக்கு மின்விசிறிக்கு நேரே நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அவர் முரடராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாங்கள் சண்டை போடுவதற்குத் தயாராகத்தான் போயிருந்தோம்.

நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு கோப்பை எடுத்து வந்தார். அதில் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு துண்டு இருந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வாரிசுதாரர்களின் கவனத்திற்கு என்று தலைப்பு. கீழே நிலத்தின் எண். பொதுத் தேவைக்காக அந்த நிலம் எடுக்கப்படுகிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தக்க பத்திரங்களோடு வந்து உரிமை கோர வேண்டும். குறித்த தேதிக்குள் உரிமை கோரப்படாதவை தோண்டி எடுக்கப்பட்டு வேறு இடத்தில் அடக்கம் செய்யப்படும். அதற்குப் பிறகு வரும் எந்தக் கோரிக்கையும் ஏற்கப்படாது. அவ்வளவுதான். நான் இடது கையால் மூடினால் மறைந்துவிடும் அளவு. அதற்கு மேலே பழைய கார் விற்பனை விளம்பரம் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

குறித்த தேதி, போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் நடுவில் வந்து போயிருந்தது.

"எந்தப் பேப்பருல போட்டாங்களாம்?" என்று அப்பா கேட்டார்.

நான் கேட்டுச் சொன்னேன். ஒரு மலாய்ப் பத்திரிகை, ஓர் ஆங்கிலப் பத்திரிகை.

"நம்ம பேப்பருல?"

அதையும் கேட்டேன். அதிகாரி இல்லையென்று தலையை ஆட்டினார். அவர்களுடைய நடைமுறையில் அது இல்லையாம்.

"அங்க படுத்திருந்தவங்க எல்லாம் தமிழாளுங்க. பேப்பரு மட்டும் வேற ஆளுங்களுக்கா? கேளு தாயி."

நான் அதைக் கொஞ்சம் பதமாக்கி மலாயில் கேட்டேன். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, அறிவிப்பு வெளியாகிவிட்டால் எல்லாருக்கும் சொன்னதாகத்தான் சட்டத்தின் கணக்கு என்றார். உங்களுக்கும் சொல்லியாகிவிட்டது என்றுதான் இந்தக் கோப்பில் இருக்கிறது, தங்கச்சி, நான் என்ன செய்யட்டும் என்றார்.

அப்பா சின்னக் கல்லைப் பற்றிச் சொன்னார். அதில் பெயர் எழுதியிருந்ததே, பெயரை வைத்துத் தேடியிருக்கலாமே என்றார். அதிகாரி கோப்பிலிருந்து ஒரு வரைபடத்தை விரித்தார். மேட்டுப் பக்கம், வாய்க்கால் பக்கம் என்று கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். வாய்க்காலோரத்து வரிசையில் ஒரு சிறிய கட்டத்துக்குப் பக்கத்தில் மலாயில் எழுதியிருந்ததை நான் படித்தேன். கல், இந்திய எழுத்து, சிறியது. அந்த எழுத்து ஒரு பெயர் என்று அளக்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்ப எம்புள்ளைய எங்க வச்சிருக்காங்க?" அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எலும்பு இருக்கும்ல? அதக் குடுக்கச் சொல்லு."

நான் கேட்டேன். அதிகாரி அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் தண்ணீர் ஊறும் மண். சின்னக் குழிகளில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைக்காத குழிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் மண்ணை எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து ஒரே இடத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். ஓர் இந்துப் பூசாரியைக் கூப்பிட்டுப் பூசையும் செய்தார்களாம். அதை அவர் இரண்டு தடவை சொன்னார். அதுவாவது எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் மலாய் புரியாதவர் அம்மா ஒருவர்தான். அப்பாவுக்கு அரைகுறையாகப் புரிந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்ல வேண்டியது நான்தான்.

"எலும்பு கெடைக்கலையாம்மா. மண்ண எடுத்து வச்சிருக்காங்களாம்."

"மண்ணா?" என்றார் அம்மா. பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான். கடையில் ஒரு சாமான் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எப்படிச் சரி என்பாரோ, அப்படி.

அதிகாரி எங்களை அங்கே அழைத்துப்போக ஓர் ஆளை அனுப்பினார். பொது மயானத்தின் மூலையில் கம்பி வேலியை ஒட்டி நீளமாக ஒரு சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் பந்தி போடுகிற மேசை அளவு நீளம். அதன் தலைப்பக்கத்தில் உரிமை கோரப்படாதவை என்று மலாயில் எழுதியிருந்தது. புதுச் சிமெண்டு. சுற்றிலும் கல்தூள் கொட்டியிருந்தார்கள். அப்பா பழக்கத்தில் கத்தியை எடுத்து வந்திருந்தார். வெட்டுவதற்கு அங்கே புல் இல்லை.

நான் சூடம் ஏற்றினேன். அம்மா அன்றைக்கும் மைலோ கொண்டு வந்திருந்தார். மூடியைத் திறந்துவிட்டு, தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"இதுல எந்த எடத்துல ஊத்துறது?"

 கூட வந்த ஆள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அம்மா பிளாஸ்க்கை மூடினார். பஸ்சில் வரும்போது அது அவர் மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பின்வாசலில் கொட்டிக் கழுவி வைத்தார்.

வேறு வழி இருக்கிறதா என்று கொஞ்ச நாள் அலைந்தோம். மாமாவுக்குத் தெரிந்த கட்சிக்காரர் ஒருவரைப் பார்த்தோம். அவர் சீட்டு எழுதிக் கொடுத்து இன்னொருவரிடம் அனுப்பினார். அந்த இன்னொருவர், இனிமேல் எதைத் திருப்பித் தரச் சொல்லுவீர்கள் என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.  ரோடு போட்டாயிற்று. லோரிகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

அப்பா அதன் பிறகு ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தார். தினமும் ஜாகா வேலை முடிந்து வரும்போது ஒரு மலாய்ப் பத்திரிகை வாங்கி வருவார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. நான் தொழிற்சாலையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும் அதை என் முன்னால் வைப்பார்.

"நோட்டீசு மட்டும் படி தாயி. மத்த கதையெல்லாம் வேணாம்."

படித்தேன். சாலையை மூடுகிறார்கள், கடைக்கு லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள், வரி கட்டாத வீட்டை ஏலம் போடுகிறார்கள், நிலப் பட்டா தொலைந்துவிட்டது, இன்னார் இறந்துவிட்டார், ஆட்சேபம் இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லவும். அத்தனையும் யாரோ ஒருவருடைய தலையில் விழப் போகிற காரியம். அந்த ஒருவர் அதைப் படித்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டே படிப்பேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். போகப் போகச் சவக்குழிக்கான மலாய்ச் சொல்லின் எழுத்துகள் மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டன. எனக்கு முன்னால் அவரே விரலை வைத்துப் பத்தி பத்தியாகத் தேடுவார். குபுர், குபுர் என்று முணுமுணுப்பார். நாங்கள் ஆரம்பித்ததுமே அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.

"அதுதான் போச்சுல்ல. இன்னும் எதத் தேடுறாரு ஒங்கப்பா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அப்பாவுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நமக்குப் போச்சு" என்றார் அப்பா. "வேற யாருக்காச்சும் சொல்லலாம்ல."

அப்படி ஒன்று வந்தது. புக்கிட் பெருந்துங் பக்கம், அங்கே அப்போது மேடும் பால்மரமும்தான், ஒரு தோட்டத்துச் சுடுகாட்டை எடுக்கப் போவதாக அறிவிப்பு. தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அப்பாவின் விரல் அந்தச் சொல்லின் மேல் நின்றதை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே நானும் அவரும் புறப்பட்டோம். நான் அறிவிப்பைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

லயங்கள் காலியாகக் கிடந்தன. கதவுகளையும் தகரங்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் புகை வந்தது. அங்கே ஒரு மனிதர், மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டு வந்தவர், எங்களை உட்காரச் சொன்னார். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு அங்க யாருமில்லண்ணே. நான் மாட்டுக்காகத்தான் இருக்கேன். மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க."

"எங்க போனாங்க?"

"கிள்ளானு, ரவாங்கு, சிங்கப்பூரு. சொல்லிட்டா போறாங்க? லோரி வந்துச்சு, ஏறுனாங்க, போனாங்க."

கோயில் தூணில் ஒரு தாளை ஒட்டினோம். சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒன்றைக் கொடுத்தோம். கோயிலுக்கு யார் வருகிறார்கள் என்று அப்பா கேட்டதற்கு, சாமிக்கு விளக்கு வைப்பதும் தானேதான் என்று அந்த மனிதர் சொன்னார்.

தமிழ்ப் பத்திரிகையில் போடச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. தபால் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். இது விளம்பரமா, செய்தியா என்றார்.  விளம்பரமென்றால் அந்த அலுவலகம்தான் கொடுக்க வேண்டும், செய்தியென்றால் நிருபர் போய்ப் பார்க்க வேண்டும், நீங்கள் வாசகர் கடிதமாக எழுதி அனுப்புங்கள் தங்கச்சி, போடுகிறோம் என்றார். எழுதி அனுப்பினேன். தினமும் பார்த்தோம். போட்டார்கள். போட்டபோது தேதி முடிந்துவிட்டிருந்தது.

அன்றைக்கு நான் படிக்க வேண்டியிருக்கவில்லை. தமிழில் இருந்ததால் அப்பாவே எடுத்துப் படித்தார். எழுத்துக்கூட்டி, உரக்க, என் பெயர் வரை படித்தார்.

"தேதி போயிருச்சே தாயி" என்றார்.

அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஓர் ஆள் எழுதியிருந்தார். ஜோகூரில் இருக்கிறாராம். தன் தாயார் அந்தச் சுடுகாட்டில்தான் இருக்கிறார், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் அதை எனக்கு அனுப்பி வைத்தார்கள். நான் அலுவலகத்தின் முகவரியை எழுதி அனுப்பினேன். என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. சிமெண்டுத் தளத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் மகன் ஓர் ஊராட்சி அலுவலகத்தோடு தொடர்புடைய வேலையில் இருக்கிறான். இனிமேல் இந்த அறிவிப்புகளைப் பத்திரிகையில் போடாமல் இணையத்திலேயே போட்டுவிடலாம் என்று பேச்சு நடக்கிறதாம். செலவு மிச்சம், எங்கிருந்தாலும் பார்க்கலாம், ஜோகூரில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் கைப்பேசியிலேயே படித்துவிடலாம் என்று அவன் உற்சாகமாகச் சொன்னான். நீங்க சொல்லுற அந்தப் பிரச்சனையே இருக்காதும்மா என்றான். எனக்கு அவனிடம் வாதாடத் தெம்பில்லை. கைப்பேசியில் போய் அதைத் தேட வேண்டும் என்று ஒருவருக்கு முதலில் தோன்ற வேண்டுமே. தன் பிள்ளையின் குழியைத் தோண்டப் போகிறார்களா என்று யார் தினமும் தேடிப் பார்ப்பார்கள்? அப்படித் தேடிய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து என் அப்பாதான். அவரும் எல்லாம் போன பிறகுதான் தேடினார். பத்திரிகையில் போட்டாலும் திரையில் போட்டாலும் அந்தக் கோப்பில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்றுதான் எழுதியிருக்கும். என் மகனுடைய அலுவலகத்திலிருந்து யாராவது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டிச் சொல்வார்களா என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

வாசகர் கடிதத்துக்குப் பிறகும் அப்பா பத்திரிகை வாங்குவதை விடவில்லை. ஆனால் படிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். மேசைக்கு அடியில் அவை பிரிக்காமலே அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அம்மா அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போட்டபோது அப்பா தடுக்கவில்லை.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. பலகைத் தூள் என்று டாக்டர் சொன்னார். கடைசி மாதங்களில் படுக்கையிலேயே இருந்தார். ஒரு மத்தியானம் என்னையும் அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என்னப் பொதைக்க வேணாம். எரிச்சிருங்க."

எங்கள் வீட்டில் அதுவரை யாரையும் எரித்ததில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவிடம் அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு ஒரு எடம் வேணாமா? புள்ளைக்குத்தான் இல்லாமப் போச்சு. ஒங்களுக்காச்சும் ஒரு எடம் இருந்தா நான் போயி ஒக்காந்துட்டு வருவேன்ல?"

"எடம் இருந்தா எடுப்பாங்க" என்றார் அப்பா. "எங்க வச்சாலும் எடுப்பாங்க. நீ எந்தப் பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்குவ?"

"பாப்பாதான் படிக்கும்ல."

"அதுக்கு வேற வேல இல்லையா? கல்யாணம் காச்சின்னு போகட்டும். எரிச்சு, கோல சிலாங்கூர் ஆத்து முகத்துல கரைச்சிருங்க. யாரும் வந்து நோட்டீசு போட முடியாது."

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.  ஆனால் அப்பா போனபோது, மாமா புதைக்க ஏற்பாடு செய்யவா என்று கேட்டதும், அம்மாதான் முந்திக்கொண்டு எரிக்க வேண்டும் என்று சொன்னார்.

சாம்பலை எடுத்துக்கொண்டு நாங்கள் போன நேரம் ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. கொக்குகள் சேற்றில் நடந்தன. தண்ணீர் ஏறட்டும், அப்புறம் போகலாம் என்று படகுக்காரர் சொன்னார். மாமா மீன் சந்தைப் பக்கம் போய் நின்றார். அம்மாவும் நானும் ஒரு சீனன் கடையில் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பானையை மேசை மேல் வைக்கக் கூடாது என்று அம்மா மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சமயம் பார்த்தபோது படகுகள் ஆடின.

ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் படகை நிறுத்தினார்கள். கலங்கிய பழுப்புத் தண்ணீர். மாமா பானையைக் கவிழ்த்தார். சாம்பல் கொஞ்ச நேரம் மேலேயே மிதந்தது, பிறகு கலைந்தது. பூவைப் போட்டேன். அம்மா கையெடுத்துக் கும்பிடவில்லை. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தார். படகு ஓர் இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்ததால், கொஞ்ச நேரத்தில் அந்த இடம் எது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் அம்மா காலைக் கழுவிக்கொண்டார்.

"இனிமே இந்தப் பக்கம் நமக்கு வேல இல்ல" என்றார்.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. தோட்டத்து அக்கா இறந்த செய்தி வந்தபோதுகூட வரவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்து பலகாரம் சுடுவார்.  பல வருடங்கள் கழித்து அவர் போனபோது அவரையும் எரித்தோம். எங்கே கரைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. மாமாவின் மகன், ரவாங்குக்குப் பக்கத்தில் எங்கேயோ ஓடும் ஓர் ஆற்றில் கரைத்துவிட்டு வந்தான். அந்த ஆற்றின் பெயரைச் சொன்னான். எனக்கு மறந்துவிட்டது.